மெல்ல இறங்கும் பெடல்

காட்கோபர் ரயில் நிலையத்தின் மேற்குப் புறமாக வெளிவந்து, பழைய காலத்தார் ஆக்ரா ரோடு என்றும் இக்காலத்தார் எல்.பி.எஸ். மார்க்கம் என்றும் சொல்லும் பெருஞ்சாலையைப் பிடித்துத் தெற்கு முகமாகச் சென்றால், வித்யாவிஹாரைத் தாண்டிக் குர்லாவை எட்டும் இடத்தில், ஒரு காலத்தில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை இருந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944ஆம் ஆண்டு நிறுவிய அந்தக் கம்பெனி, 1947இல் குர்லாவிலிருந்து தன் முதல் வண்டியை வெளியே அனுப்பியது. பிறகு இத்தாலியின் ஃபியட் கம்பெனியோடு உடன்பாடு செய்துகொண்டு, ஃபியட் 1100 என்ற குடும்பக் காரை இந்த மண்ணிலேயே உற்பத்தி செய்யத் தொடங்கியது. அந்தக் காரே 1970களில் பிரீமியர் பத்மினி என்ற பெயரைப் பூண்டு, கறுப்பும் மஞ்சளும் பூசிய டாக்ஸியாகப் பம்பாயின் சந்து பொந்தெல்லாம் ஓடியது. இன்று அத்தொழிற்சாலை நின்ற நிலத்தில் கோஹினூர் சிட்டி என்னும் குடியிருப்பு எழுந்துவிட்டது. டாக்ஸிகளுக்கு இருபது ஆண்டுதான் ஆயுள் என்று அரசாங்கம் விதித்த வரம்பின்படி, 2003 அக்டோபரில் பதிவான கடைசிப் பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபர் இறுதியோடு தொழிலிலிருந்து விலகியது.

ஆனால் சொந்த உபயோகத்துக்கென்று வாங்கப்பட்ட பத்மினிகளுக்கு அந்த வரம்பு இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டால் ஓட்டலாம். அப்படிப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் காட்கோபரிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இன்னும் இருக்கிறார்கள். தகப்பனார் வாங்கிய வண்டியை விற்க மனமில்லாமல், ஹவுசிங் சொசைட்டியின் வளாகத்தில் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் மாட்டுங்கா ஆஸ்திக சமாஜம் கோயில் வரைக்குமாவது ஓட்டிவிட்டு வருகிற தமிழ்க் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுக்காகவும், ஆம்பாசிடர், பழைய மாருதி 800 போன்ற வண்டிகளைப் பேணி வருகிற மற்றவர்களுக்காகவும் எழுதுவது இது. பெயிண்ட் உதிர்ந்தால் வண்டி அழகு குன்றும். கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால் வண்டி நடுவழியில் நின்றுபோகும். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் கெட்டுப்போனாலோ, நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. அது ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை என்பதும், கெடுவதற்கு வெகுநாள் முன்பிருந்தே நம் காலுக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது என்பதும், அந்த அறிவிப்பை நாமும் நம் மெக்கானிக்குகளும் வேறு ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு நாட்களைக் கடத்துகிறோம் என்பதுமே நான் சொல்ல வந்த விஷயம்.

மூடிய பாத்திரத்தில் அடைபட்ட திரவத்தின்மீது ஓரிடத்தில் செலுத்திய அழுத்தம், குறைவின்றி எல்லா இடங்களுக்கும் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் நிலைநாட்டிய தத்துவமே இந்தக் கருவிக்கு ஆதாரம். பெடலின்மீது இருபது கிலோ கனத்துக்குச் சமமாகக் காலை ஊன்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோலானபடியால் அந்த விசை ஐந்து மடங்காகப் பெருகி, நூறு கிலோவாக மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தச் சிலிண்டரின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு மூன்று சதுர சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே உள்ளிருக்கும் பிரேக் ஆயிலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 35 கிலோ அழுத்தம் உண்டாகிறது. மெல்லிய எஃகுப் பைப்புகள் வழியாக அவ்வழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் சென்று, அங்கங்கே உள்ள வீல் சிலிண்டர்களை விரித்து, ஷூக்களை டிரம்மின் உட்புறத்தில் அழுத்தி, ஏறக்குறைய 900 கிலோ எடையுள்ள வண்டியை நிறுத்துகிறது. இவ்வளவு காரியமும் ஒரு சிறு ரப்பர் கப்பின் விளிம்பை நம்பி நடக்கிறது. பிஸ்டனின் தலையில் பொருத்தியிருக்கும் அந்தக் கப், சிலிண்டரின் சுவரோடு ஒட்டி உராய்ந்து, ஆயிலைப் பின்பக்கம் கசியவிடாமல் தடுத்தால்தான் அழுத்தம் பிறக்கும். அது சற்றே இடம் கொடுத்தாலும் ஆயில் கப்பைத் தாண்டி வந்த வழியே திரும்பிவிடும்.

மால்கம் லாக்ஹெட் என்ற அமெரிக்கர் 1917இல் இந்த ஹைட்ராலிக் முறைக்குக் காப்புரிமை பெற்றபோது, கப்புகள் தோலால் ஆனவை. 1921இல் டூஸன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு விற்பனைக்கு வந்தது; சில ஆண்டுகளில் கிரைஸ்லரும் அதைக் கைக்கொண்டது; தோல் போய் ரப்பர் வந்தது. அன்றைய வண்டிகளிலெல்லாம் ஒரே பிஸ்டன், ஒரே சுற்று. எங்கே ஒரு பைப் உடைந்தாலும் நான்கு சக்கரமும் பிடியிழக்கும். இந்தப் பயங்கரத்தை உத்தேசித்து, ஒரே குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்களை வைத்து, சக்கரங்களை இரண்டு சுற்றாகப் பிரித்துவிடும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பிற்பாடு உண்டாக்கினார்கள். 1968 ஜனவரி முதல் அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. உங்கள் வண்டியில் இருப்பது ஒற்றையா இரட்டையா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒற்றையாக இருந்தால் இந்தக் கட்டுரையை இரட்டிப்புச் சிரத்தையோடு படிக்க வேண்டும். நம் நாட்டில் இப்பாகங்களைச் செய்வதில் பேர்போன பிரேக்ஸ் இந்தியா என்ற கம்பெனி, டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியும் சேர்ந்து 1962இல் தொடங்கியதாகும். சென்னை பாடியில் உள்ள அதன் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். கெர்லிங் என்ற பெயரோடு வந்த மாஸ்டர் சிலிண்டர்களும் கிட்டுகளும் குர்லா உதிரிப்பாகக் கடைகளில் வெகுகாலமாகப் பழக்கமானவை.

இனி, அந்தக் கப் ஏன் கெடுகிறது என்பதைப் பார்ப்போம். தேய்மானம் ஒரு காரணம்தான். பம்பாயில் அதைவிடப் பெரிய காரணம் ஈரம். பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் இனத்தைச் சேர்ந்த திரவம். காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் தன்னுள் கரைத்துக்கொள்வது அதன் சுபாவம். ஆயில் டப்பாவின் மூடியில் உள்ள காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரம் வருஷம் முழுவதும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் முடிய, மழை ஓய்ந்த வேளையிலும் சுவரெல்லாம் பூசணம் பூக்கும் இந்நகரத்தில், கோயமுத்தூரிலோ புனேயிலோ இருக்கும் வண்டியைவிட இங்குள்ள வண்டிக்கு இந்த உபத்திரவம் அதிகம் என்று சொல்ல எந்தச் சாஸ்திரமும் தேவையில்லை. புதிய டாட் 3 ஆயில் கொதிப்பதற்குக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஏறக்குறைய நூற்றுக்கு மூன்றரை பங்கு நீர் கலந்த பிறகு அந்த எல்லை 140 டிகிரியாகத் தாழ்ந்துவிடலாம். டாட் 4 ஆயிலுக்கு இவை முறையே 230, 155. கண்டாலா மலை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்து வருகையில் டிரம்களின் சூடு ஏறி, ஆயிலிலுள்ள நீர் ஆவியாகிக் குமிழிட்டால், ஆவி அமுங்கும். திரவம்போல் அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரையைத் தொடும்.

அது மலைப் பிரயாணிகளின் அபாயம். காட்கோபர்க்காரருக்கு அதே நீர் வேறு விதமாகத் தீங்கு செய்கிறது. வாரம் ஒரு நாள் மட்டும் எடுக்கப்படும் வண்டியில், ஆயில் அசையாமல் நிற்கும் இடங்களில், வார்ப்பிரும்பால் ஆன சிலிண்டரின் உட்சுவரைத் துரு பிடிக்கிறது. துரு பிடித்த இடம் சிறு சிறு குழிகளாகிறது. அந்தக் குழிகளின்மேல் ரப்பர் விளிம்பு ஒவ்வொரு முறை ஓடும்போதும் கிழிபடுகிறது. அதிகமாக ஓடிய டாக்ஸியைவிட, போர்த்தி வைத்த குடும்ப வண்டியில் இந்த நோய் முன்னதாக வருவதன் காரணம் இதுதான். வண்டியை ஓட்டாமல் வைத்திருப்பது அதைக் காப்பாற்றுவதாகாது என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், நம்புகிறவர்கள் குறைவு.

நோயின் முதல் இலட்சணம் எங்கே தெரியும் என்றால், வேகமாகச் செல்லும் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் அன்று. மாலை ஏழு மணிக்கு எல்.பி.எஸ். மார்க்கத்தின் நெரிசலில், முன்னால் ஒரு பெஸ்ட் பஸ், பக்கத்தில் ஒரு ஆட்டோரிக்ஷா என்று நகர்ந்து நகர்ந்து நிற்கும்போது தெரியும். சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. அது உருளாமல் இருக்கட்டும் என்று பெடலின்மீது காலை இலேசாக வைத்திருக்கிறோம். வைத்த கால் வைத்தபடியே இருக்க, பெடல் மட்டும் ஒரு விரல்கடை, இரண்டு விரல்கடை என்று கீழே போகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் பழைய உயரத்தில் உறுதியாக நிற்கிறது. சற்று நேரத்தில் மீண்டும் இறங்குகிறது. இதில் ஒரு விசேஷம் கவனிக்கத்தக்கது. கப்பின் விளிம்பைச் சுவரோடு சேர்த்து அழுத்துவது ஆயிலின் அழுத்தமே. ஆகையால், பலமாக மிதிக்கும்போது தேய்ந்த விளிம்பும் விரிந்து சுவரைப் பற்றிக்கொண்டு பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. இலேசாக மிதிக்கும்போதோ, விளிம்பு விரிவதற்கு வேண்டிய அழுத்தம் இல்லாமல் ஆயில் நழுவிவிடுகிறது. அதனாலேதான் பட்டறையில் மெக்கானிக் ஏறி உட்கார்ந்து ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டு, ‘பிரேக் கல்லு மாதிரி இருக்கு சார்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. பரீட்சை செய்த விதம்தான் தவறு. வண்டியை நிறுத்திவைத்து, பெடலை மிதமான விசையோடு ஒரே சீராக ஒரு நிமிஷம் அழுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமைதான் முதல் சோதனை.

பெடலின் கோளாறு எல்லாமே மாஸ்டர் சிலிண்டரால் வருவதென்றும் எண்ணிவிடக் கூடாது. மிதித்தால் பஞ்சுபோல் மெத்தென்று அமுங்கி, இரண்டு மூன்று முறை பம்ப் பண்ணினால் மேலே எழும்பினால், பைப்பில் காற்று இருக்கிறது. பஞ்சாக இல்லாமல் வெகுதூரம் இறங்கிய பிறகே உறுதியாகப் பிடித்து, அந்த இடத்திலேயே அசையாமல் நின்றால், டிரம்முக்கும் ஷூவுக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது. லைனிங் தேய்ந்திருக்கலாம், அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கலாம். பிடித்த இடத்திலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டே போவது இவ்விரண்டிலும் சேராதது. ஆயில் எங்கோ போகிறது என்பதற்கே அது அடையாளம். வெளியே போகிறதா, உள்ளுக்குள்ளேயே திரும்புகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

வெளியே போனால் தடம் இருக்கும். நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும், டிரம்மின் பின் தகட்டையும், ஹோஸ்களையும், பைப் வந்து சேரும் நட்டுகளையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு டிரைவர் காலடி மேட்டை நீக்கிவிட்டு, பெடலின் மேல்பக்கம் புஷ் ராடு சிலிண்டருக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவ வேண்டும். விரலில் பிசுபிசுப்பு ஒட்டினாலும், அந்த இடத்தில் பெயிண்ட் கொப்பளித்து உரிந்திருந்தாலும், சிலிண்டரின் பின்பக்க சீல் போய்விட்டது. இந்த ஆயில் பெயிண்டை அரித்துவிடும் குணமுடையதாதலால், உரிந்த பெயிண்டே போதுமான சாட்சி. பிரேக் பூஸ்டர் உள்ள பிற்கால வண்டிகளில் இந்தத் தடமும் வெளியே தெரியாது. கசிந்த ஆயிலை பூஸ்டர் உறிஞ்சி எஞ்சினுக்கு அனுப்பிவிட, சைலென்ஸரில் வெண்புகையாக அது போகும். டப்பாவில் அளவு மட்டும் குறையும். நான்கு சக்கரமும் உலர்ந்திருந்து, புஷ் ராடும் உலர்ந்திருந்து, டப்பாவில் ஆயில் மட்டமும் வாரக்கணக்கில் குறையாமல் இருந்து, பெடல் மட்டும் இறங்கினால், ஆயில் கப்பைத் தாண்டி டப்பாவுக்கே திரும்புகிறது என்று கொள்ளலாம். மட்டம் குறையவில்லையே என்று சமாதானம் அடைகிறவர்கள் ஏமாறுவது இந்த நிலையில்தான்.

அப்போதும் சந்தேகம் தீராதவர்களுக்கு ஒரு நிச்சயமான பரீட்சை உண்டு. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் பைப்புகளைக் கழற்றிவிட்டு, அந்த வாய்களைச் சரியான மரையுள்ள பித்தளைப் பிளக்குகளால் இறுக அடைத்து, காற்றை நீக்கிவிட்டுப் பெடலை மிதிக்க வேண்டும். ஆயில் போவதற்கு வழி எதுவும் இல்லாத நிலையில், நல்ல சிலிண்டராயின் பெடல் மேலேயே பாறைபோல் நின்றுவிடும். அப்போதும் இறங்கினால், குற்றம் சிலிண்டருடையது. மேலே விசாரணை வேண்டாம். பெடல் அசையாமல் நின்று, பைப்புகளை மாட்டியபின் இறங்கினால், குற்றவாளியைச் சக்கரங்களின் பக்கம் தேட வேண்டும். பிளக்கு வாங்க ஆகும் சொற்பச் செலவு, வேண்டாத பாகத்தை வாங்கி மாற்றும் செலவை மிச்சப்படுத்தும்.

இதற்கு நேர் எதிரான கோளாறு ஒன்றும் மாஸ்டர் சிலிண்டருக்கு உண்டு: பிரேக் பிடிக்காமல் போவதற்குப் பதிலாக விடாமல் போவது. பெடல் மேலே வந்து நின்றதும் சக்கரங்களிலிருந்து திரும்பும் ஆயில் டப்பாவுக்குள் செல்வதற்கென, கப்பின் விளிம்புக்குச் சற்று முன்னால், ஊசி நுழையும் அளவில் ஒரு சிறு துளை இருக்கிறது. புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் போன்ற சிறு இடைவெளி இல்லாவிட்டாலோ, ரப்பர் ஊதிப் பருத்துவிட்டாலோ, அந்தத் துளை மூடிக்கொள்ளும். அழுத்தம் உள்ளேயே தங்கிவிட, காட்கோபரிலிருந்து சயான் போவதற்குள் டிரம்கள் கையை வைக்க முடியாதபடி சுடும், வண்டி கனமாக இழுக்கும், பெட்ரோல் வீணாகும். ரப்பர் ஊதுவதற்குப் பெரும்பாலும் மனிதக் கைதான் காரணம். டப்பாவில் எஞ்சின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ தவறி ஊற்றுவதும், பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவதும் இந்த ரப்பருக்கு விஷம். அப்படி நடந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டரை மட்டும் மாற்றுவது பயனில்லாத காரியம். எங்கெங்கே ரப்பர் உண்டோ அங்கெல்லாம் மாற்றியாக வேண்டும். சுத்தம் செய்யப் புதிய பிரேக் ஆயிலோ ஸ்பிரிட்டோதான் ஏற்றது.

பட்டறைகளில் நாள்தோறும் நடக்கும் ஒரு தீங்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பெடல் இறங்குகிறது என்று வண்டி வருகிறது. ‘ஏர் பிடிச்சிருக்கும், எடுத்துடலாம்’ என்கிறார் மெக்கானிக். சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்துவைத்து, உதவியாளைப் பெடலை அடிவரைக்கும் மிதிக்கச் சொல்கிறார். பல வருஷங்களாக அந்தப் பிஸ்டன், சிலிண்டரின் முதல் பாதியில் மட்டுமே ஓடி, அந்தப் பாதியை மட்டுமே பளபளப்பாக வைத்திருக்கிறது. மறு பாதியில் துருவும் கசடும் சேர்ந்து கிடக்கின்றன. அடிவரைக்கும் மிதிக்கும்போது, மிருதுவான கப்பின் விளிம்பு முதன்முறையாக அந்தத் துருவின்மேல் ஓடுகிறது, திரும்பி வருகிறது, மறுபடி ஓடுகிறது. வேலை முடிந்து காற்றெல்லாம் போய் பெடல் அன்றைக்கு உறுதியாக இருக்கும். சில நாள் கழித்து, முன்னைவிட மோசமாக இறங்கும். மெக்கானிக்கை நொந்துகொண்டு வேறு பட்டறைக்குப் போனால், அங்கும் ஏர் எடுக்கிறார்கள். பழைய சிலிண்டரோடு காற்று எடுக்க வேண்டியிருந்தால், பெடலின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, அது வழக்கமான தூரத்துக்கு மேல் இறங்காதபடி தடுத்துக்கொள்வதே முறை. இந்தச் சிறு கட்டை எத்தனையோ சிலிண்டர்களைக் காப்பாற்றும். இதை அறிந்து செய்கிறவர்களைக் கண்டால் அவர்களிடம் வண்டியை நம்பிக்கையோடு ஒப்படைக்கலாம்.

கிட் போடுவதா, புதிய சிலிண்டரே வாங்குவதா என்பது அடுத்து எழும் கேள்வி. கிட் என்பது கப்புகளும் சீல்களும் ஸ்பிரிங்கும் அடங்கிய பொட்டலம்; விலை மலிவு. அது போதுமா என்பதைச் சிலிண்டரின் சுவர்தான் சொல்ல வேண்டும். காட்கோபர் மேற்கில் ஒரு பட்டறையில், ஒரு பத்மினியிலிருந்து கழற்றிய சிலிண்டரைப் பெஞ்சின்மேல் வைத்து ஸ்நாப் வளையத்தை நீக்கிப் பிஸ்டனை வெளியே தட்டியபோது, அதனோடு வந்த ஆயில் தேன் நிறம் மாறிக் கறுத்துக் குழம்பாக இருந்தது; கப்பின் விளிம்பில், நகத்தால் கீறிய அளவுக்கு, மூன்று நான்கு நேர்கோடுகள் தெரிந்தன. ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுச் சிலிண்டரின் வாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கையில், மேல்பாதி கண்ணாடிபோல் இருக்க, அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். அந்தப் பட்டறையின் பெரியவர், நெல்லைச் சீமையிலிருந்து வந்து இங்கே முடி நரைத்தவர், சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “நகம் தட்டுதுல்லா, இதுக்குக் கிட்டு போட்டா உங்க காசுக்கும் கேடு, உங்க உயிருக்கும் கேடு” என்றார். நகம் தட்டாவிட்டால் கிட் போடலாம். தட்டினால் மாற்ற வேண்டும் என்ற அவருடைய பிரமாணத்தைவிட எளிய விதியை நான் அறியேன். ஹோனிங் பண்ணி, அதாவது உட்சுவரைத் தேய்த்து, குழியை அழித்துவிடலாம் என்பார்கள். அழிப்பதற்குள் விட்டம் பெருகி, கப் தளர்ந்துவிடும். பாகமே கிடைக்காத அபூர்வ வண்டியானால், நல்ல லேத் பட்டறையில் பித்தளையாலோ துருப்பிடிக்காத எஃகாலோ உள்ஸ்லீவ் போட்டுக்கொள்வது ஒரு வழி. அதைச் செய்து பழகியவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

புதிய சிலிண்டர் வாங்குகையில் உருவம் ஒத்திருக்கிறது என்பதற்காக வேறு வண்டியினுடையதை வாங்கிவிடலாகாது. உள்விட்டம் ஒரு நூல் மாறினாலும் பெடலின் கனமும் ஓட்டமும் மாறிவிடும். டிரம் பிரேக் வண்டிகள் பலவற்றில், பைப்புகளில் எப்போதும் சிறிது அழுத்தம் தங்கியிருக்கும்படி செய்யும் ஒரு வால்வு சிலிண்டருக்குள் இருக்கும். டிஸ்க் பிரேக்குக்கென்று செய்ததில் அது இராது. பழையதைக் கையில் எடுத்துச் சென்று, அளந்து, ஒப்பிட்டு வாங்குவதே விவேகம். கூடவே சீல் உடைக்காத பிரேக் ஆயில் டின்னும் வேண்டும். பட்டறையில் பாதி திறந்து வைத்த டின் மலிவாகக் கிடைத்தாலும், அதில் இருப்பது ஏற்கெனவே பம்பாய் ஈரத்தைக் குடித்த ஆயில். டாட் 5 என்று குறித்த சிலிக்கோன் ஆயிலை மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

மாற்றும் வேலை சிக்கலானதன்று, நிதானம் வேண்டும். பக்கத்துப் பெயிண்டின்மேல் ஆயில் சிந்தாதபடி துணி போர்த்தி, சிலிண்டரைச் சுற்றியுள்ள புழுதியைத் துடைத்துவிட்டு, டப்பாவிலுள்ள பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பைப் நட்டுகளைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனைகள் மழுங்கிவிடும். நட்டை ஏறக்குறைய முழுவதுமாகச் சுற்றிப் பிடிக்கும் ஃபிளேர் நட் ஸ்பேனர்தான் ஏற்றது. புதிய சிலிண்டரை வண்டியில் மாட்டுவதற்கு முன்பே, வைஸில் பிடித்து, ஆயில் நிரப்பி, அதன் வாய்களிலிருந்து சிறு குழாய்களை டப்பாவுக்கே வளைத்துவிட்டு, பிஸ்டனை மெல்ல மெல்லத் தள்ளி, குமிழி வருவது அடியோடு நிற்கும்வரை காற்றைப் போக்கிவிட வேண்டும். இதைச் செய்யாதவர்கள் பிறகு மணிக்கணக்காக ஏர் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மாட்டியதும் பெடலைக் கையால் அழுத்தி, புஷ் ராடின் சிறு இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதன்பின் சக்கரங்களில் காற்று எடுப்பது. சிலிண்டருக்கு வெகுதூரத்தில் இருப்பது எதுவோ அதிலிருந்து தொடங்குவது சம்பிரதாயம். சிலிண்டர் வலப்புறம் உள்ள நம் வண்டிகளில் பின்பக்க இடது, பின்பக்க வலது, முன்பக்க இடது, முன்பக்க வலது என்று வரிசை வரும். நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை ஆயிலுள்ள கண்ணாடிப் பாட்டிலில் முங்கியிருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் பெரியவர், உள்ளே உட்கார்ந்து பையன்; ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது; குரல்தான் பாலம்.

“மிதி.”

“மிதிச்சாச்சு அண்ணாச்சி.”

“அப்படியே பிடிச்சுக்கோ. கால எடுத்துராத.”

நிப்பிள் கால் திருகு திறக்கிறது, பாட்டிலில் குமிழ்கள் கொப்பளிக்கின்றன, நிப்பிள் மூடுகிறது.

“இப்ப விடு. மெதுவா.”

மூடுவதற்கு முன் பையன் காலை எடுத்துவிட்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். ஆகையால் ஒவ்வொரு முறையும் பதில் குரல் கேட்ட பிறகே அடுத்த சொல். நடுநடுவே டப்பாவில் ஆயில் மட்டம் இறங்காமல் ஊற்றிக்கொண்டிருப்பதை மறந்தால், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். நான்கு சக்கரங்களிலும் கறுப்பு மாறித் தெளிந்த ஆயில் வருவதற்கு அரை லிட்டரோ அதற்கு மேலோ செலவாகும். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வெளியேறிய பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், பாட்டிலில் அடைத்துக் கழிவு ஆயில் வாங்குகிறவரிடம் சேர்க்க வேண்டும்.

முதல் ஓட்டம் சொசைட்டி வளாகத்துக்குள்ளேயே நடக்கட்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. பிரேக் பிடிக்கவில்லையே என்று திகைத்து மறுமுறை மிதிப்பதற்குள் அது இரண்டு பஸ் நீளத்தைத் தாண்டிவிடும். ஆகையால் நடக்கும் வேகத்தில் சோதித்து, பிறகு சற்றுக் கூட்டி, ஒரு நிமிஷ அழுத்தப் பரீட்சையையும் செய்து, அதற்கப்புறமே சாலைக்கு வர வேண்டும். இன்னும் மாற்றாத வண்டியில் வழியிலேயே பெடல் தரையைத் தொட்டுவிட்டால், காலை எடுத்து எடுத்து விரைவாகப் பம்ப் பண்ண வேண்டும். கியரைக் குறைத்துக்கொண்டே, கம்பியால் இயங்கும் ஹேண்ட் பிரேக்கை, பட்டென்று இழுக்காமல், படிப்படியாக இழுக்க வேண்டும். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டிச் செல்லாமல் கட்டி இழுத்து, அல்லது டெம்போவில் ஏற்றிக்கொண்டு போவதே சரி; ‘பட்டறை வரைக்கும் தானே’ என்று ஓட்டிச் செல்லக் கூடாது.

புதிய சிலிண்டர் பொருத்தி முதல் வாரம், தினம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து ஆயில் மட்டத்தையும் நட்டுகளின் ஈரத்தையும் பார்த்துக்கொள்வதும், ஒரு நீண்ட ஓட்டத்துக்குப்பின் நான்கு டிரம்களையும் தொட்டு, எதுவும் மற்றதைவிட அதிகமாகச் சுடுகிறதா என்று அறிவதும் அவசியம். பிறகு இரண்டாண்டுக்கு ஒரு முறை ஆயிலை முழுவதும் மாற்றி வர வேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போது இந்த வேலையைச் செய்யாமல், தீபாவளி கழிந்து காற்று உலர்ந்த மாதங்களில் வைத்துக்கொள்வது நல்லது; மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் ஒரு சிறு காகிதத்தில் எழுதி, டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால், அடுத்து வண்டியைத் தொடுகிற மெக்கானிக்கும் தெரிந்துகொள்வார்.